எட்டாவது அட்டை

அட்டை சேர்க்கிறேன் என்று சொன்னதும்
நிரை முழுக்கச் சிரித்தது.
மழை நாளில் பதினோராம் நம்பர் மலையில் நின்றால்
ஒரு மணிக்குள்
இரண்டு காலிலும் இருபது சேருமே, ஞானசௌந்தரி.

அந்த அட்டை இல்லை.
படம் போட்டது. முத்திரை ஒட்டி, சீல் விழுந்து,
பஸ் ஏறி, ரயில் ஏறி வரவேண்டியது.

மகளின் பாடப்புத்தகத்தில் இருந்தது:
இலங்கையில் உலக மரபுரிமைகள் எட்டு.
பரீட்சை அவளுக்கு. பைத்தியம் எனக்கு.
லயத்தை விட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம்
சோப்பு வேண்டாம், சட்டைத்துணி வேண்டாம்,
போகிற ஊரிலிருந்து ஒன்று போடு என்றேன்.

முதலில் காலிக் கோட்டை.
ரவீந்திரன் அங்கே ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான்.
"மதில் ஏற நேரமில்லை அக்கா. இரவில் ஒரு சத்தம் கேட்கும்.
கடல் என்கிறார்கள்."

சிகிரியாவிலிருந்து வேன் கிளீனர் கிளிட்டஸ்:
"வெள்ளைக்காரர் ஏறினார்கள். நான் கீழே, செருப்புகளுக்குக் காவல்."

கண்டியில் வீட்டு வேலை ஆரோக்கியத்துக்கு.
பெரஹராவில் குசினி ஜன்னலால்
யானையின் முதுகு மட்டும் போனதாம், விளக்குகளோடு.

தம்புள்ளை இரண்டு வந்தது, ஒரே படம்.
மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் அண்ணனும் தம்பியும்
பேசிக்கொள்வதில்லை போல.

அனுராதபுரத்தில் எழுத்தே இல்லை, விலாசம் மட்டும்.
சிங்கராஜாவை யார் அனுப்பினார்கள் என்று
இதுவரை தெரியாது.

பொலனறுவையை அனுப்பியவன் தங்கராஜா.
கட்டட வேலை.
"மூன்று மாதம் சம்பளமில்லை. அம்மாவிடம் சொல்லாதே."
அடுத்த காம்பராதான் அவன் அம்மா. ஓடி வந்தாள்.
வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, திரும்ப வாங்கிப் பார்த்தாள்.
"யாரு இது, படுத்திருக்கிறது?"
புத்தர் என்றேன்.
"நல்லாத் தூங்குறாரு" என்றாள்.
பின்பக்கம் திருப்பினாள். எழுத்தைத் தடவினாள்.
"என்ன எழுதியிருக்கான்?"
சுகமாம் என்றேன்.

எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும்.
லயத்துக்கு இலக்கம் உண்டு, காம்பராவுக்கு இல்லை.
கிளாக்கர் ஐயா முதலில் படிப்பார்,
பிறகு கணக்கப்பிள்ளை, பிறகு தேத்தண்ணிப் பையன்.
சிகிரியா ஒரு மாதம்
ஐயாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது.

ஏழு ஆகிவிட்டது.
எட்டாவது, மத்திய மலைநாடு.
அதாவது இதுதான்.
பதினோராம் நம்பர் மலையில் தேயிலை முடிகிற இடத்தில்
ஒரு மஞ்சள் கல் நட்டிருக்கிறது.
அந்தப்பக்கம் காடு, உலகத்துக்குச் சொந்தம்.
இந்தப்பக்கம் கம்பனிக்கு.
கல்லில் சாய்ந்து நான் ரொட்டி சாப்பிட்டிருக்கிறேன்,
முதுகு ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம்.
அங்கே வேலைக்கு யாரும் போவதில்லை,
அதனால் யாரும் அனுப்பவுமில்லை.

சம்பள சனிக்கிழமை தலவாக்கலைக்குப் போனேன்.
ரவூப் நானாவின் கடையில் காட்டுப் படம் இல்லை.
"மலைநாடென்றால் இதுதான் போகுது" என்று எடுத்து வைத்தார்:
கொழுந்து பறிக்கிறவள்.
பட்டுப் போல சேலை. படங்கு கட்டவில்லை.
கூடையில் அடி தெரிகிறது.
மட்டக்கம்பு எங்கே?
காலில் ஒரு கடி இல்லை, பல்லெல்லாம் வெளியே,
விரலில் இருப்பதோ கரட்டு இலை.

நூறு ரூபாய் சொன்னார். எண்பதுக்கு வாங்கினேன்.
தபால் கந்தோர் வாசலில் நின்று
என் விலாசத்தையே எழுதினேன்,
எழுத எழுத அது யாரோ போல இருந்தது.
இடது பக்கம் காலியாக இருந்தது. அவளுக்கு எழுதினேன்:
"தங்கச்சி, முற்றினதைப் பிய்க்காதே.
தராசில் கழித்துவிடுவார்கள்.
அரைப்பேர்தான் விழும்."

போட்டுப் பதினேழு நாள்.
பஸ்சில் வந்தால் ஒன்றரை மணித்தியாலம்.
ஐயாவின் கண்ணாடிக்கு அடியில்
சிரித்துக்கொண்டு கிடப்பாள்.